டீ சங்குக்கு வரும் கீரி

கங்காதரன் வேலை முடிந்து வந்தால் தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடிப்பான். காப்பிக்குத் தண்ணீர் வை என்று பெண்டாட்டிக்கு அது உத்தரவு. அந்தத் திங்கட்கிழமை மணி அடிக்கவில்லை. தாட்சாயிணி முக்காலியில் ஏறி நின்று, விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க ஜன்னல் கண்ணாடிக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வாரம் எல்லா வீட்டிலும் இதே வேலைதான். எழுபத்தொன்றாம் வருஷம், நவம்பர் கடைசி. பாகிஸ்தானோடு சண்டை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. மதிலுக்கு அந்தப் பக்கம், கங்காதரன் வேலை பார்க்கிற, ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலை. குண்டு விழுந்தால் முதலில் நம் தலையில்தான் என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு மாதப் பத்திரிகையை உருவி அவளிடம் நீட்டினான்.

“இத்த நீதானே எழுதினே?”

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மூன்று வருஷமாக எழுதுகிறாள். ஒரு நாளாவது அவன் அந்தப் பத்திரிகையைக் கையால் தொட்டதில்லை.

“ஆமாங்க. உங்க ஒர்க் ஷாப்புல யாரு படிச்சாங்க?”

“ஷாப்புல இல்ல. செக்யூரிட்டி ஆபீசரு.”

தாட்சாயிணி முக்காலியிலிருந்து இறங்கினாள்.

இந்த வம்பு ஆரம்பித்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், மூர் மார்க்கெட்டில். பிள்ளைகளுக்கு அட்லஸ் வாங்கப் போன இடத்தில், அட்டையும் முதல் நாலு பக்கமும் இல்லாத ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைக் கடைக்காரன் அவள் தலையில் கட்டினான். எழுதியவள் பெயர் கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரப் பெண்மணி என்று மட்டும் உள்ளே படித்தால் தெரிந்தது. அந்தம்மா சிங்கம் புலி பார்க்க எந்தக் காட்டுக்கும் போகவில்லை. தன் சமையலறை ஈயையும், கூரைச் சிட்டையும், படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிலந்தியையும் உட்கார்ந்து பார்த்து, வீட்டோடு கிடக்கிற பெண்களுக்காக எழுதினாள். அங்கே அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிப் படித்திருக்கிறார்கள். பூந்தமல்லியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த இங்கிலீஷையும் ஒரு பழைய அகராதியையும் வைத்துக்கொண்டு, தாட்சாயிணி அதை முடிக்க எட்டு மாதம் ஆனது. முடித்த கையோடு அந்தம்மாவுக்குத் துரைசாணி என்று பெயர் வைத்து, ஒரு நோட்டு வாங்கி, பல்லியில் தொடங்கினாள்.

துரைசாணி இரண்டு விஷயத்தில் கறார். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் எண் போட வேண்டும். எதைப் பார்த்தாலும் மணி குறிக்க வேண்டும். அந்தம்மாவுக்கென்ன, வீட்டில் ஆளுயரக் கடிகாரம் இருந்திருக்கும். கங்காதரன் வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அவன் மணிக்கட்டில் ஏறிக் காலையிலேயே தொழிற்சாலைக்குப் போய்விடும். ஆனால் குவார்ட்டர்ஸ்காரிக்குக் கடிகாரம் எதற்கு? தொழிற்சாலைச் சங்கு இருக்கிறது. காலைச் சங்குக்கு உலை வைப்பது, பத்து மணி டீ சங்குக்குத் துணி அலசுவது, சாப்பாட்டுச் சங்குக்குத் தட்டு எடுப்பது என்று அங்கே எல்லாப் பெண்களுக்கும் நாள் ஓடியது சங்கில்தான். இவளும் சங்கு வைத்தே எழுதினாள். இடம் சொல்வதற்குத் தெருப் பெயர் போதாத இடத்தில் மதிலையும், தண்ணீர்த் தொட்டியையும், காவல் கூண்டுகளையும் குறித்தாள். அவள் கண்ணுக்கு அவையெல்லாம் மைனா உட்காரும் இடங்கள், அவ்வளவுதான்.

பத்திரிகையில் ‘வாசலுக்கு வந்தவர்கள்’ என்ற தலைப்பில் அது வந்தது. கோயமுத்தூரிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் பெண்கள் கடிதம் எழுதினார்கள், எங்கள் வீட்டுக் குளவியும் இப்படித்தான் செய்கிறது என்று. இதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடலாமா என்று தியாகராய நகரிலிருந்து ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் நவம்பர் இதழுக்குக் கொஞ்சம் தாராளமாகப் படம் ஒன்றும் போட்டு அனுப்பினாள். பத்திரிகை ஓவியர் அதை முழுப் பக்கத்துக்கு அழகாக வரைந்துவிட்டார். கிழக்கு மதில், தண்ணீர்த் தொட்டி, ஒன்று முதல் ஐந்து வரை காவல் கூண்டுகள், எந்தச் சங்குக்கு எந்தக் கூண்டுப் பக்கம் எத்தனை மைனா என்று அம்புக்குறி வேறு.

இப்போது அதே பக்கத்தைச் செக்யூரிட்டி ஆபீசரின் கண்ணால் பார்த்தபோது அவளுக்கு மைனா தெரியவில்லை, கூண்டுகள் மட்டும்தான் தெரிந்தன.

“வியாழக்கிழம காலீல ஒம்போது மணிக்கு ரெண்டு பேரும் வரணும். ஆறு நோட்டையும் எடுத்துகினு வரணுமாம்,” என்று கங்காதரன் டைப் அடித்த காகிதத்தைக் காட்டினான். “நீயே எழுதி வச்சிருக்கியே, ஆறாவது நோட்டு ஓடிகினு இருக்குதுன்னு.”

“குருவியத்தானேங்க எழுதினேன்.”

“குருவிய எழுதிகினு போ. கூண்ட ஏன் எழுதினே?”

அவள் பத்திரிகையை மடித்து முக்காலி மேல் வைத்தாள். வானகரத்தில் அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அந்தத் தெருவிலேயே மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் கங்காதரன். மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தாலே எழுந்து நிற்கிற சுபாவம். அப்படிப்பட்டவனை இப்போது எழுதிக் கொடுத்துக் கூப்பிட்டிருந்தார்கள்.

“வேல பூட்டா ஊட்டையும் காலி பண்ணச் சொல்லுவான். புள்ளைங்க படிக்கறதும் இவங்க இஸ்கூலு. எங்க போய் நிக்கறது?”

“எரிச்சுடட்டுமா?”

“எரிச்சா எதையோ மறைச்சோம்னு ஆவும்.” அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “எரிக்காத.”

செவ்வாய்க்கிழமை குழாயடியில் தாட்சாயிணி போய் நின்றதும் பேச்சு நின்றது. எதிர்வீட்டு ஜெகதாம்பாள் மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“இன்னாக்கா, உன்ன கூப்ட்டு வுட்டுக்கீறாங்களாமே. ஏதோ மேப்பு போட்டு வெளியூருக்கு அனுப்பிட்டியாமே?”

“மைனா படம்மா அது.”

“இருக்கட்டும்க்கா. எதுக்கும் எங்கூட்டு வாசல்ல வந்து அணில் பாக்கறேன்னு இனிமே நிக்காதே. எங்கூட்டுக்காரரு பயப்படறாரு.”

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் கங்காதரன் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு அடியில் விரலை ஓட்டி ஓட்டிப் படித்தான். அவன் ஒரு பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் இவள் செய்கிற வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். எத்தனை குற்றம் என்று எண்ணுகிறான் என்று நினைத்தாள். என்ன படித்தான் என்று கேட்க வாய் வரவில்லை.

அவள் பயந்தது மைனாவுக்குக்கூட இல்லை. ஆறாவது நோட்டில் அறுபத்தொன்றாம் பக்கத்துக்கு. அதைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு வரியும் அவள் எழுதவில்லை.

கிழக்கு மதில் ஓரம், வேலிகாத்தான் புதருக்குப் பின்னால், மழைத் தண்ணீர் போவதற்காக மதிலின் அடியில் விட்ட ஒரு துவாரம் இருந்தது. அதிலிருந்த கம்பி துருப்பிடித்து உதிர்ந்துபோய் வெறும் ஓட்டையாகக் கிடந்தது. இந்தப் பக்கம் பழைய ரயில் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன. அந்த அடுக்குக்குள் ஒரு கீரி இரண்டு குட்டி போட்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கேன்டீனின் பின்புறம். பத்து மணிக்கு டீ சங்கு ஊதினால் கேன்டீன் ஆட்கள் எல்லோரும் முன்பக்கம் டீ ஊற்றப் போய்விடுவார்கள். மீன் கழுவிக் கொட்டிய இடத்தில் கால் மணி நேரத்துக்கு ஈ காக்கை தவிர யாரும் இல்லை. இது கீரிக்குத் தெரியும். சங்கு ஊதி, நூறு எண்ணுவதற்குள் ஓட்டைக்குள் நுழையும். டீ நேரம் முடிந்து மறுசங்கு ஊதியதும் வாயில் மீன்தலையோடு திரும்பி வரும். நாற்பது நாளில் முப்பத்தேழு நாள் வந்தது என்று அவள் கோடு போட்டு வைத்திருந்தாள்.

பாதுகாப்புத் தொழிற்சாலை மதிலில் ஓட்டை. அது தெரிந்தும் நாற்பது நாளாக வாயைத் திறக்காதவள் அதே தொழிற்சாலைக்காரன் பெண்டாட்டி. மைனாவை மன்னித்தாலும் இதை யார் மன்னிப்பார்கள்? புதன்கிழமை அவன் வேலைக்குப் போனபின், அவள் அந்தத் தாளை மட்டும் கிழித்தாள். அரிசி டப்பாவில் வைத்தாள், எடுத்தாள். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள், எடுத்தாள். வீட்டைச் சோதனை போட வந்தால்? அடுப்பில் போடத்தான் போனாள். தாளின் ஓரத்தில் குட்டிகள் முதல்முதலாக வெளியே தலை நீட்டிய நாள் எழுதியிருந்தது. போட மனம் வரவில்லை. நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். கங்காதரன் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டான். இவள் ஆறு நோட்டையும், துரைசாணி புத்தகத்தையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். அந்தம்மாவைப் பார்த்தால் ஆபீசருக்கு விஷயம் விளங்கும் என்று ஒரு நப்பாசை.

ஆபீசர் இராமகிருஷ்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கத்துவார் என்று எதிர்பார்த்து வந்தாள். அவர் கத்தவில்லை. “உட்காருங்கம்மா,” என்று நாற்காலி காட்டினார். அது இன்னும் பயமாக இருந்தது. கங்காதரனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவனும் உட்கார நினைக்கவில்லை.

முதலில் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தார். அவள் பென்சிலால் அடிக்கோடிட்டு அர்த்தம் எழுதியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“யார் இந்த அம்மா?”

“எனக்குத் தெரியாது சார். அட்டை இல்ல.”

“இவங்களோட கடிதப் போக்குவரத்து உண்டா?”

“அவங்க செத்து எழுவது வருஷமாவது ஆயிருக்கும் சார்.”

“பேரே தெரியாதுன்னீங்க. செத்தது மட்டும் எப்படித் தெரியும்?”

வேறு நாளாக இருந்தால் தாட்சாயிணி சிரித்திருப்பாள். அவர் நோட்டுகளுக்குப் போனார். மைனா நாற்பத்திரண்டு, காக்கை பதினேழு, தவிட்டுக்குருவி ஒன்பது. டீ சங்கு, மூன்றாம் கூண்டு.

“எனக்கு உங்க மேல தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்லம்மா. முன்னாடி ஒரு ஊர்ல இருந்தேன். அங்க ஒருத்தன் மாமனாருக்கு வாரா வாரம் தக்காளி விலை எழுதிப் போடுவான். பாவம், மாமனார் மேல எவ்வளவு பாசம்னு நினைச்சோம். அது தக்காளி இல்ல. லாரி. நாற்பத்திரண்டுன்னு நீங்க எழுதியிருக்கிறது மைனாதான்னு நான் எதை வச்சு நம்பறது?”

“மைனாதான் சார். வந்து பாருங்க சார்.”

“பார்த்தா இன்னைக்கு நாற்பத்திரண்டு இருக்குமா?”

இருக்காது. மழை நாளில் மைனாக்கள் பாட்டுக்கு எங்கேயோ போய்விடும். இருக்கும் என்று பொய் சொல்லவும் வரவில்லை. அவர் ஆறாவது நோட்டைப் புரட்டிக்கொண்டே போனவர், நின்றார். முன்னால் ஒரு தாளைத் தள்ளிப் பார்த்தார். பின்னால் ஒரு தாளைத் தள்ளிப் பார்த்தார்.

“அறுபது. அடுத்தது அறுபத்துமூணு. நடுவுல ஒரு தாள் எங்க?”

பக்கத்துக்கு எண் போடு என்று சொன்ன துரைசாணியை அந்த நிமிஷம் தாட்சாயிணி மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். கங்காதரன் முகத்தில் ஈயாடவில்லை. தாள் போனது அவனுக்குத் தெரியாது.

“மத்த அஞ்சு நோட்டுலயும் ஒரு தாள் குறையல,” என்றார் ஆபீசர். குரல் மாறிவிட்டது. “ஒரு தாள் மட்டும் இல்லைன்னா, அது யார்கிட்டயோ போயிருக்குன்னு நான் எழுதணும்மா. எழுதினா விசாரணை முடியற வரைக்கும் இவருக்கு வேலை கிடையாது. குவார்ட்டர்ஸும் கிடையாது. எங்க அந்தத் தாள்?”

காட்டினால் ஓட்டை தெரிந்துவிடும். காட்டாவிட்டால் வேலை. தாட்சாயிணி இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். வியர்வையில் நனைந்து மடிப்பில் மசி ஊறியிருந்தது. அவர் விரித்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

“மதில்ல ஓட்டை. நாற்பது நாளா உங்களுக்குத் தெரியும்.”

“ஆமா சார்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அடைச்சுடுவீங்க.”

கங்காதரன் கண்ணை மூடிக்கொண்டான். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால்.

“டீ சங்கு ஊதி, நூறு எண்ணறதுக்குள்ள கீரி வரும்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு வருமா?”

வராத மூன்று நாளில் இரண்டு நாள் மழை நாள். அது அவளுக்கு மனப்பாடம்.

“வரும் சார்,” என்றாள்.

“வந்தா நோட்டுல இருக்கிறது மைனாவும் கீரியும்தான்னு ஒத்துக்கறேன். வரலைன்னா எழுதத்தான் வேணும். வாங்க.”

மூன்று பேரும் மதிலைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனார்கள். தூறல் விடவில்லை. கொஞ்ச தூரத்தில் சின்னசாமி என்ற கொத்தனார், குண்டு போட்டால் பதுங்குவதற்கு ஒரு பள்ளத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வேலிகாத்தானுக்கு எதிரே இருபதடி தள்ளி மூவரும் நின்றார்கள். ஆபீசர் குடை பிடித்திருந்தார். கங்காதரனின் கல்யாணச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சங்கு ஊதியது.

தாட்சாயிணி உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள். முப்பது. ஐம்பது. ரயில் கட்டைக்குள் ஓர் அசைவும் இல்லை. எழுபது. பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று எண்ணிக்கைக்கு நடுவே ஓர் எண்ணம் ஓடியது. தொண்ணூறு. நூறு. நூற்றைந்து. ஆபீசர் தொண்டையைச் செருமினார். அவரும் எண்ணியிருக்கிறார். இவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாம் முடிந்துபோகும் என்பதுபோல எண்ணிக்கொண்டே இருந்தாள்.

நூற்று முப்பத்தொன்றில் கட்டைச் சந்திலிருந்து ஓர் ஈர மூக்கு வெளியே வந்தது. பிறகு தலை. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. தரையோடு தரையாக ஓடி, வாலை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டைக்குள் போனது.

“அட,” என்றார் ஆபீசர். குடை சாய்ந்து தலை நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தாட்சாயிணிக்கு அழுகை வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வேலை தப்பித்தது. வீடு தப்பித்தது.

“சரிம்மா. மேல எழுத ஒண்ணும் இல்ல,” என்றார் அவர். அதே மூச்சில் திரும்பி, “கொத்தனாரே, இங்க வாங்க. கலவையோட வாங்க. இந்த ஓட்டையை இப்பவே அடைங்க,” என்றார்.

சின்னசாமி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு செங்கல் போதும் என்று பார்த்த உடனே சொன்னார். கீரி உள்ளே இருந்தது. மதில் பத்தடி உயரம், மேலே கண்ணாடித் துண்டு. கட்டைக்குள்ளிருந்து குட்டிகளின் கீச்சுச் சத்தம் அவள் காதுக்கு மட்டும் கேட்பதுபோல மெல்லக் கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போதுதான் கைக்கு வந்த வேலை, அந்த ஒரு வார்த்தையில் போனாலும் போகும். அவள் சொல்லவில்லை. அஞ்சு வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்து எழுதியவள், அந்த நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னை நினைத்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

“சார்.”

கங்காதரனின் குரல் அது. இரண்டு கையையும் கூப்பியிருந்தான்.

“கொஞ்சம் பொறுக்கணும் சார். அது உள்ள கீது. குட்டிங்க இந்தாண்ட கீது. இன்னொரு சங்கு ஊதுனா திரும்பிடும் சார்.”

ஆபீசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எழுதிக்கீறாங்க சார். நேத்து முந்தாநேத்து எல்லாத்தையும் படிச்சேன்.” கூப்பிய கையாலேயே ஓட்டையைக் காட்டினான். “அவ எழுதுனா தப்பாது சார்.”

“கங்காதரன், உங்க வேலை இப்பதான் தப்பிச்சிருக்கு. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

கை கூப்பியபடியே இருந்தது. கீழே இறங்கவில்லை.

“மறுசங்கு வரைக்கும்,” என்றார் ஆபீசர்.

“கலவ இறுகிப்பூடும் சார்,” என்றார் சின்னசாமி. யாரும் பதில் சொல்லாததால் ஒரு கட்டையின் மேல் குந்தி பீடியைப் பற்ற வைத்தார்.

அந்தக் கால் மணி நேரம் போல் ஒரு நேரத்தைத் தாட்சாயிணி எந்த நோட்டிலும் எழுதியதில்லை. மறுசங்கு ஊதியது. ஓட்டையில் இருட்டுதான் இருந்தது. உள்ளே கேன்டீனில் பாத்திரம் போடும் சத்தம் கேட்டது. யாரோ பின்பக்கம் வந்து தண்ணீர் கொட்டினார்கள். ஆள் வந்துவிட்டால் அது வெளியே வருமா, அங்கேயே பதுங்குமா, அவளுக்குத் தெரியாது. சின்னசாமி பீடியை எறிந்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார். முதல் செங்கல்லை நனைத்தார். கங்காதரன் ஆபீசரைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீரி வந்தது. வாயில் ஒரு பெரிய மீன்தலை. அது ஓட்டையில் சிக்கிக்கொண்டது. பின்னால் போய், தலையைத் திருப்பி, மறுபடி இழுத்து, ஒருவழியாக வெளியே வந்து, கொத்தனாரின் காலுக்கு ஒரு முழம் தள்ளி ஓடிக் கட்டைக்குள் புகுந்தது. கங்காதரன் கையைக் கீழே இறக்கினான்.

நாலு செங்கல் வைக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆபீசர் ஐந்து நோட்டையும் துரைசாணியையும் திருப்பிக் கொடுத்தார். ஆறாவது தன்னிடமே இருக்கட்டும் என்றார். “எழுதுங்கம்மா, நான் வேண்டாம்னு சொல்லல. சங்கு வேண்டாம். மதில் வேண்டாம். கூண்டு வேண்டாம். மிச்சத்தை எழுதுங்க.” மூன்றையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில் மஞ்சள் பையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டீ சங்குக்கு அவள் கட்டைகளுக்குக் கொஞ்சம் தள்ளி, துணி காயப்போடுகிறவள்போல நின்றாள்.

சாயங்காலம் தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தது. அவள் தண்ணீர் வைத்தாள். ஒரு புது நோட்டு, முதல் பக்கம் வெறுமையாக, தரையில் கிடந்தது. ஒன்று என்று எண் மட்டும் போட்டிருந்தாள். அவன் வந்து வாசலிலேயே நின்றான். வேலையில் யாரும் ஏதாவது சொன்னார்களா என்று அவள் கேட்பதற்குள் அவன் கேட்டான்.

“வந்துச்சா?”

“வந்துச்சு.”

“இன்னா பண்ணுச்சு?”

“புதுச் சிமெண்ட்ட மோந்து பாத்துச்சு. நகத்தால பிராண்டுச்சு. அப்புறம் சும்மா நின்னுச்சு.”

“எவ்ளோ நேரம்?”

சங்கு என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். எதை வைத்துச் சொல்வது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தாள்.

“ஒல கொதிக்கிற நேரம்.”

அவன் செருப்பைக் கழற்றினான். நோட்டை எடுத்து, மேலே இருந்த தூசியைச் சட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்தான்.

“அப்பிடியே எழுது,” என்றான்.